படைப்பின் ஆறு நாள்: வெளிப்படையும் குறிப்பும்

தண்ணீர்மலை என்னும் பெயரிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குவோம். பினாங்கில் வாழும் தமிழர் எவரும் அது தண்ணீரால் ஆகிய மலை என்று கருதுவதில்லை. அருவியை உடைய மலை என்றே கொள்கிறோம். அம்மலையில் கோயில் கொண்ட முருகனைத் தண்ணீர்மலையான் என்கிறோம். நகரத்தார் குடும்பங்களிலோ அப்பெருமானின் நினைவாகப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்றே பெயர் சூட்டும் வழக்கம் உண்டு. எனவே, 'தண்ணீர்மலை கடைக்குப் போனார்' என்று ஒருவர் சொன்னால், மலை எவ்வாறு நடந்தது என்று யாரும் வியப்பதில்லை. 'போனார்' என்னும் உயர்திணை வினைமுற்றே ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது. தண்ணீர் என்னும் சொல்லும் அத்தகையதே. தண்மையுடைய நீர் என்பது அதன் பிறப்புப் பொருள். ஆயினும் சுடுதண்ணீர் என்று நாள்தோறும் சொல்கிறோம். அதில் முரண் இருப்பதாக நமக்குத் தோன்றுவதே இல்லை.

ஒரு சொல்லின் பொருளை அதன் உறுப்புகளை மட்டும் வைத்து நாம் அறிவதில்லை. அது வரும் இடம், அதனோடு இணையும் வினை, அதனை வழங்குவோர் மரபு ஆகியவற்றைக் கொண்டே அறிகிறோம். அன்றாடப் பேச்சில் எளிதாகச் செய்யும் இச்செயல், சமய நூல் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் கடினமாகிவிடுகிறது. விவிலியத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் உள்ள படைப்பு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஒரு மாணவியின் வினா

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி நம்மிடம் வந்து, "ஐயா, ஆறு நாள் என்பது உண்மையா, பொய்யா?" என்று கேட்டாள். அறிவியல் தேர்வில் பூமியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்று எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்று ஒப்புவிக்கிறாள். "இரண்டில் ஓரிடத்தில் நான் பொய் சொல்லுகிறேன் என்று தோன்றுகிறது" என்றாள். விளையாட்டாகக் கேட்கப்பட்ட வினா அன்று அது. ஓர் இளம் உள்ளம் தன் நேர்மையைக் குறித்துக் கொண்ட அச்சம் அதில் இருந்தது.

நாம் இறையியலார் அல்லோம். எந்தச் சமயத்தார் எதனை நம்ப வேண்டும் என்று கூறும் தகுதி நமக்கு இல்லை. ஆனால், அவ்வினாவில் ஒரு மொழியியல் சிக்கல் புதைந்திருந்தது. குறிப்பாகச் சொல்லப்பட்டது எதுவும் பொய் என்று அம்மாணவி கருதினாள். அதனைத் தெளிவிப்பது தமிழாசிரியரின் கடமைக்கு உட்பட்டதே.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் பொருள் இருவகையாகத் தோன்றும் என்கிறார். சொன்னவாறே தெரிய நிற்பது ஒன்று. குறிப்பினால் தோன்றுவது மற்றொன்று. பின்வந்தோர் இவற்றை வெளிப்படை, குறிப்பு என வழங்கினர். இவ்விரண்டு சொற்களையே நாமும் கையாள்வோம்.

நாள் என்னும் சொல்

எபிரேய மூலத்தில் நாளைக் குறிக்கும் சொல் 'யோம்'. படைப்பு வரலாற்றின் தொடக்கத்திலேயே அது மூன்று அளவுகளில் வருகிறது. இருளுக்கு எதிரான ஒளிக்காலம் 'யோம்' எனப்படுகிறது. அதே வசனத்தில், மாலையும் காலையும் சேர்ந்த முழு அளவும் 'யோம்' எனப்படுகிறது. இரண்டாம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்திலோ, வானமும் பூமியும் உண்டாக்கப்பட்ட காலம் முழுவதும் அச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது.

தமிழில் படிப்பவருக்கு இம்மூன்றும் ஒரே சொல் என்பது தெரிவதில்லை. மொழிபெயர்ப்பாளர் முதலாவதற்குப் பகல் என்றும் இரண்டாவதற்கு நாள் என்றும் எழுதினர். இது பிழையன்று, தமிழில் அதுவே இயல்பு. எனினும், நம் மொழியிலும் நாள் என்னும் சொல் ஒருபொருட்கிளவி அன்று. பண்டைய நகரங்களின் பகற்கடைத்தெரு நாளங்காடி எனப்பட்டது. இரவில் நடந்தது அல்லங்காடி. அங்கு நாள் என்பது பகலே. நாள் பார்த்தல் என்னும்போது அது விண்மீனையும் நல்வேளையையும் குறிக்கிறது. 'எங்கள் நாளில் இப்படி இல்லை' என்று முதியோர் கூறும்போது ஒரு தலைமுறைக் காலமே நாளாகிறது.

மலேசியாவில் வாழும் நமக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. எபிரேயத்தில் முதல் நாளைக் குறிக்கும் தொடர் 'யோம் எகாத்'. இதற்கு 'ஒரு நாள்' அல்லது 'நாள் ஒன்று' என்பதே நேர்ப்பொருள். அதன்பின் வருவனவே இரண்டாம், மூன்றாம் என வரிசைப் பெயர் பெறுகின்றன. 'எகாத்' என்பதும் அரபு மொழியில் ஒன்றைக் குறிக்கும் 'அஹது' என்பதும் ஒரே செமித்தியக் குடும்பத்தின் உறவுச்சொற்கள். அரபுச் சொல்லே மலாய்க்கு வந்து, ஞாயிற்றுக்கிழமையை 'அஹாட்' என்று சொல்லவைத்தது. இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ் ஆகியவை முறையே இரண்டு முதல் ஐந்து வரையுள்ள எண்களின் வழிவந்தவை. சனிக்கிழமைக்குரிய 'சப்து' என்பது ஓய்வுநாளாகிய சபாத்தின் உறவுச்சொல். பினாங்கு மாணவர் பள்ளியில் அன்றாடம் எழுதும் கிழமைப் பெயர்களில் எண்ணப்பட்ட நாள்களும் ஓய்வுநாளும் உள்ள ஒரு பழைய வாரம் மறைந்து நிற்கிறது.

தமிழ்க் கிழமைப் பெயர்கள் இதற்கு மாறானவை. நமக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய் எனக் கோள்களே கிழமைகள். இவ்வேறுபாடு நம் பொருளுக்கு இன்றியமையாதது. படைப்பு வரலாற்றின் நான்காம் நாளில் ஞாயிறும் திங்களும் தோன்றுகின்றன. ஆனால், அவற்றுக்குரிய வழக்கமான எபிரேயப் பெயர்கள் அங்கு இல்லை. பெரிய சுடர், சிறிய சுடர் என்றே அவை சுட்டப்படுகின்றன. ஞாயிற்றையும் திங்களையும் தெய்வங்களாக வழிபட்ட அயலாரிடையே வாழ்ந்தோர், அவை தெய்வங்கள் அல்ல, ஏற்றிவைக்கப்பட்ட விளக்குகளே என்று உணர்த்தவே பெயரை ஒழித்தனர் என்று அறிஞர் பலர் விளக்குவர். அவ்விளக்கத்தை ஏற்றால், சொல்லப்படாத பெயரே ஒரு குறிப்பாகிறது.

மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவுகள்

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719இல் மறையுமுன் பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை பெயர்த்திருந்தார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ச் நிறைவேற்றினார். பின்னர் பப்ரிசியுஸ் புதிதாகப் பெயர்த்தார். 1871இல் ஹென்றி பவர் தலைமையில் உருவான ஐக்கிய மொழிபெயர்ப்பு சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்றது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் வெளிவந்தது. முன்னதில் ஆதியாகமம் என்றும் பின்னதில் தொடக்கநூல் என்றும் வழங்குவது ஒரே நூல்தான். நூலில் உள்ளவாறே நம்புகிறேன் என்று ஒரு தமிழர் சொல்லும்போது, அவர் கையில் இருப்பது இம்மொழிபெயர்ப்பாளருள் ஒருவர் எடுத்த முடிவுகளே. மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, வானம். எபிரேயத்தில் 'ராக்கியா' என்னும் சொல், உலோகத்தைத் தட்டித் தகடாக்குதல் என்னும் வினையோடு தொடர்புடையது. கிரேக்கரும் இலத்தீனரும் அதனைத் திண்மைப் பொருளுடைய சொல்லால் பெயர்த்தனர். ஐக்கிய மொழிபெயர்ப்பு 'ஆகாயவிரிவு' என்றது. தட்டி விரித்தலில் தட்டுதல் போயிற்று; விரிவு மட்டும் நின்றது. இதனால் தமிழ் வாசகருக்குத் தகடு போன்ற வானம் என்னும் இடர்ப்பாடே எழவில்லை. சுடுதண்ணீரில் தண்மை மறைந்ததுபோல, ராக்கியாவில் தகடு எபிரேயருக்கே மறைந்துவிட்டதா, அன்றி அவர்கள் உண்மையாகவே திண்ணிய வானத்தை எண்ணினார்களா என்பது அறிஞரிடையே இன்றும் வழக்காடப்படும் வினா.

இரண்டாவது, ஆவி. 'ரூவாக்' என்னும் எபிரேயச் சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி என்னும் மூன்று பொருளும் உண்டு. தமிழில் ஆவி என்னும் சொல் கிடைத்தது நற்பேறே. உயிர், மூச்சு, நீராவி என அதுவும் பலபொருள் தாங்கும். ஆனால், தமிழ் வினைமுற்று திணை காட்டாமல் நிற்காது. ஐக்கிய மொழிபெயர்ப்பு 'ஆவியானவர்' என்று எழுதி உயர்திணைப் பலர்பால் விகுதியால் முடித்தது. திருவிவிலியம் 'ஆவி' என நிறுத்தி அஃறிணை முடிபு தந்தது. முன்னதைப் படிப்பவர் ஓர் ஆளைக் காண்கிறார். பின்னதைப் படிப்பவருக்குக் காற்று என்னும் எண்ணத்திற்கும் இடம் உண்டு. எபிரேய வினையோ பெண்பால். தண்ணீர்மலை 'போனார்' என்பதில் விகுதி ஐயத்தைத் தீர்த்தது. இங்கும் விகுதியே தீர்க்கிறது. ஆனால், தீர்த்தவர் மூல ஆசிரியர் அல்லர்.

மூன்றாவது, மனிதன். 'ஆதாம்' என்பது எபிரேயத்தில் மனிதன் என்னும் பொதுப்பெயர். 'அதாமா' என்றால் நிலம், மண். மண்ணிலிருந்து உருவாக்கப்பட்டவனை மண்ணோடு ஒலிக்கும் பெயரால் அழைக்கிறது நூல். ஐக்கிய மொழிபெயர்ப்பின் இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனுஷன் என்றும் பிற்பகுதியில் ஆதாம் என்றும் வருகிறது. பொதுப்பெயர் எவ்விடத்தில் ஒருவனின் இயற்பெயராக மாறுகிறது என்பதை எபிரேயச் சொல்லின் வடிவம் மட்டும் வரையறுப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரே ஓர் எல்லையிட நேர்கிறது. வரலாற்றில் வாழ்ந்த ஒரு தனி மனிதனா, மனித குலத்தின் வகைமாதிரியா என்னும் பெரிய வழக்கின் வேர் இங்கே உள்ளது.

வரிசையும் நிரனிறையும்

சொற்களை விட்டு அமைப்பை நோக்குவோம். முதல் நாள் ஒளி; இரண்டாம் நாள் வானமும் நீரும்; மூன்றாம் நாள் நிலமும் பயிரும். நான்காம் நாள் சுடர்கள். ஐந்தாம் நாள் பறவையும் மீனும். ஆறாம் நாள் விலங்கும் மனிதனும். முதல் மூன்றையும் ஒரு வரிசையாகவும் பின் மூன்றையும் அதன்கீழ் மற்றொரு வரிசையாகவும் எழுதினால், ஒளிக்குச் சுடரும், வானத்திற்கும் நீருக்கும் பறவையும் மீனும், நிலத்திற்கு விலங்கும் மனிதனும் நேராக அமைகின்றன. இடங்கள் முதலில், அவற்றை நிரப்புவன பின்னர்.

தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. நன்னூலார் எண்வகைப் பொருள்கோளுள் ஒன்றாகக் கூறும் நிரனிறையை ஒத்தது இது. நிரனிறையில் அமைந்த செய்யுளுக்கு, சொற்கள் நின்ற வரிசையிலேயே பொருள் கொள்ள முயல்வோர் இடர்ப்படுவர். எதற்கு எது இணை என்று காண்போருக்குப் பொருள் விளங்கும். ஞாயிறு தோன்றுமுன் மூன்று நாள் எவ்வாறு கழிந்தன என்னும் பழைய வினாவை இதனோடு வைத்துப் பார்க்கலாம். கால வரிசையாகக் கொண்டால் அது விடை தேட வேண்டிய புதிர். இணை வரிசையாகக் கொண்டால் சுடர் தன் ஒளிக்கு நேரே நிற்கிறது.

இரண்டாம் அதிகாரத்தின் வரிசையும் வேறு. அங்கு மனிதன் முதலில் உருவாகிறான். பயிரும் விலங்கும் பின்னர் வருகின்றன. இரண்டையும் கால வரிசையாகவே கொள்வோர் அவற்றை ஒத்திசைவிக்க முயல்கின்றனர். இரண்டு கோணங்களாகக் கொள்வோருக்கு அம்முயற்சி தேவையில்லை.

முன்னோர் கொண்ட பொருள்

குறிப்புப் பொருள் என்பது அறிவியலுக்கு அஞ்சி அண்மையில் கண்டுபிடித்த புகலிடம் என்று சிலர் எண்ணுகின்றனர். வரலாறு அதனை மறுக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன், ஞாயிறு இல்லாத மாலையையும் காலையையும் சொன்னவாறே கொள்ளுதல் அறிவுடையோருக்கு ஒவ்வுமோ என்று வினவினார். 354 முதல் 430 வரை வாழ்ந்த அகுஸ்தினார், படைப்பு ஒரே கணத்தில் நிகழ்ந்தது என்றும், ஆறு நாள் என்பது அதனை நாம் அறிவதற்கான ஒழுங்குமுறை என்றும் கருதினார். அப்பொருளை விரித்துரைத்த தம் நூலுக்கு அவர் இட்ட பெயரோ, தொடக்கநூலின் சொற்பொருளைப் பற்றியது என்பதாகும். வானையும் கோள்களையும் நன்கறிந்த பிற சமயத்தார்முன், வேதத்தின் பெயரால் பிழைபட உரைப்பது நூலையே நகைப்புக்கு உள்ளாக்கும் என்றும் எச்சரித்தார்.

மறுதரப்பும் அக்காலத்திலேயே இருந்தது. 4ஆம் நூற்றாண்டில் பசீலியார் ஆறு நாள் படைப்பைப் பற்றி ஆற்றிய பேருரைகளில், புல் என்றால் புல்லையே கொள்வேன் என்னும் கருத்தை வற்புறுத்தினார். 1650இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், நூலில் உள்ள தலைமுறைக் கணக்கைக் கூட்டி, படைப்பு கி.மு. 4004இல் நிகழ்ந்தது என்று வெளியிட்டார். 1909இல் கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலியக் குழு, 'யோம்' என்பதை இயல்பான நாளாகவோ ஒரு கால அளவாகவோ கொள்ளலாம் என்று இரண்டிற்கும் இடம் தந்தது.

வெளிப்படையாகக் கொள்வோரின் சான்றுகளையும் ஆசிரியர் மறைத்தல் கூடாது. எண்ணுப்பெயரோடு வரும் 'யோம்' பெரும்பாலும் இயல்பான நாளையே குறிக்கிறது. மாலையும் காலையும் என்னும் மீள்வரவு அதனை உறுதிப்படுத்துகிறது. ஏழாம் நாள் ஓய்வு பற்றிய கட்டளை, யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஆறு நாள் படைப்பையே காரணமாகக் காட்டுகிறது. இவை வலிமையுள்ள சான்றுகள். மறுபுறத்தார், ஆயிரம் ஆண்டு இறைவன்முன் ஒரு நாள் போன்றது என்னும் சங்கீதக் கருத்தைக் காட்டுவர். குர்ஆனிலும் ஆறு நாள் படைப்பும், இறைவனிடத்து ஒரு நாள் மனிதர் எண்ணும் ஆயிரம் ஆண்டு போன்றது என்னும் கருத்தும் உள்ளன. ஆகவே, நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் முஸ்லிம் மாணவருக்கும் இவ்வினா அயலானதன்று.

சொல்லை நீட்ட வேண்டியதில்லை

இவ்வழக்கில் இருதரப்பாரும் ஓரிடத்தில் ஒரே வகையில் தடுமாறுவதாக நமக்குத் தோன்றுகிறது. நாள் என்னும் சொல் 24 மணி நேரமா, நெடிய ஊழியா என்று அச்சொல்லையே இருபுறமும் பற்றி இழுக்கின்றனர். குறிப்புப் பொருள் தோன்றுவதற்குச் சொல்லின் பொருள் மாற வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான எண்ணம். தமிழ்ச் செய்யுள் மரபு அவ்வாறு கற்பிக்கவில்லை.

அகநானூற்றின் மருதப் பாடல் ஒன்றில், எருமை இரவில் தளையை அறுத்து, வேலியை நீக்கி, பொய்கையில் இறங்கித் தாமரையை மேய்கிறது. அங்கு எருமை எருமையே, தாமரை தாமரையே. எந்தச் சொல்லும் தன் பொருளை இழக்கவில்லை. ஆயினும், பரத்தையரை நாடிச் சென்று திரும்பிய தலைவனின் முன் தோழி அதனைக் கூறும்போது, அக்காட்சி முழுவதும் தலைவனின் ஒழுக்கத்தை உணர்த்துகிறது. இதுவே உள்ளுறை. குறிப்பு சொல்லில் இல்லை. தொடர் முழுமையிலும் சூழலிலும் உள்ளது.

இதனைப் பொருத்திப் பார்த்தால், நாள் என்பது மாலையும் காலையும் உடைய இயல்பான நாளே என்று ஒப்புக்கொண்ட பின்னும், அந்நாள்களால் ஆகிய வாரம் முழுவதும் ஒரு குறிப்பாக நிற்றல் கூடும். உலகம் ஒழுங்குடையது, அது நன்று, சுடர்கள் வழிபடற்குரியன அல்ல, உழைப்போருக்கு ஓய்வு உரியது என்பனவற்றை அவ்வாரம் உணர்த்தக்கூடும். அன்றி, நிகழ்ந்தவாறே கூறிய வரலாறாகவும் இருத்தல் கூடும். எவ்வகை நூல் என்னும் முடிபை நாள் என்னும் ஒரு சொல்லின் அகராதிப் பொருள் தராது.

குறிப்புக்கும் வரம்பு உண்டு. உள்ளுறைக்கு நிலைக்களமான கருப்பொருள்களில் தெய்வத்தைத் தொல்காப்பியர் விலக்கினார் என்பர். இம்மரபில் பயின்றவர், நாளையும் வானத்தையும் குறிப்பாகக் கொண்டவர் இறைவனையும் வெறும் குறிப்பாகவே கொள்ள நேரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. விரும்பியவாறு பொருள் கற்பிப்பதும் குறிப்பறிதல் ஆகாது. நூலின் அமைப்பும் அம்மக்களின் வழக்கும் சான்று கூற வேண்டும்.

வகுப்பறைக்கு

அம்மாணவிக்கு அன்று நாம் முடிந்த விடை எதனையும் கூறவில்லை. திருவிவிலியத்தையும் ஐக்கிய மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து, முதல் இரண்டு அதிகாரங்களில் வேறுபடும் வினைமுற்றுகளைக் குறித்து வருமாறு சொன்னோம். அடுத்த வாரம் இரண்டு பக்கம் நிறைய எழுதிக் கொண்டுவந்தாள். "ஐயா, அறிவியல் நூல் எப்படி, எப்போது என்று சொல்கிறது. இது யார், எதற்கு என்று சொல்வதுபோல் இருக்கிறது. ஆனால் என் பாட்டி அப்படி நினைக்கமாட்டார்" என்றாள். பாட்டியோடு வழக்காட வேண்டாம், அவர் எவ்வாறு கொள்கிறார் என்று கேட்டு அதையும் எழுதி வா என்றோம்.

ஆசிரியர்களுக்கு நாம் பரிந்துரைப்பதும் அதுவே. சமய முடிபுகளை வகுப்பில் தீர்க்க வேண்டா, தீர்க்கவும் இயலாது. மூலத்தின் சொல் எது, மொழிபெயர்ப்பாளர் எங்கே தெரிவு செய்தார், தொடரின் அமைப்பு யாது, இது உலகியல் வழக்கா செய்யுள் வழக்கா என்னும் நான்கு வினாக்களையும் மாணவர் தாமே கேட்கப் பழக்கினால் போதும். வெளிப்படையாகக் கொள்பவர் அறிவிலி அல்லர். குறிப்பாகக் கொள்பவர் நம்பிக்கையற்றவர் அல்லர். தேர்வுத்தாளில் பூமியின் அகவையை எழுதும் கையும், ஆலயத்தில் படைப்பு வரலாற்றை வாசிக்கும் நாவும் ஒருவருக்கே உரியன. எந்த இடத்தில் எந்த வழக்கில் பேசுகிறோம் என்பதை அறிந்தவர் இரண்டிடத்தும் பொய் சொல்பவர் ஆகார்.